என் கிணற்றை அழித்தது தொடர்பாக

அரும்பாவூர்
14.09.2025, ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய மாப்பிள்ளை முத்துவேல் அவர்களுக்கு, மாமனார் தர்மன் எழுதுவது.

என் தலைக்குப் பின்னால் இருந்த கிணற்றை நீங்கள் அழித்துவிட்டீர்கள். அழித்த இடத்தில் ஒரு புத்தக அலமாரியை வைத்திருக்கிறீர்கள். என்னைக் கேட்கவில்லை. இதுதான் நடந்த தவறு. முதலில் நலம் விசாரித்துவிட்டு அப்புறம் இதைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். நலம் விசாரித்தால் கோபம் தணிந்துவிடும் என்பதால் வரிசையை மாற்றிக்கொண்டேன். இப்போது விசாரிக்கிறேன். நீங்களும் கலையரசியும் பேத்தியும் சுகமா? இங்கே நானும் உங்கள் அத்தை ஆண்டாயியும் சுகம். வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா. மழை இல்லை.

போனில் பேசலாமே என்பீர்கள். பேசியாகிவிட்டது. புதன்கிழமை வாட்ஸ்அப்பில் ஏழு நிமிடம் பேசி அனுப்பினேன். அதற்கு நீங்கள் ஒரு கட்டைவிரல் அனுப்பினீர்கள். ஏழு நிமிடப் பேச்சுக்கு ஒரு விரல். வியாழக்கிழமை மறுபடி பேசி அனுப்பினேன், இரண்டு கை சேர்ந்து ஒரு கும்பிடு வந்தது. கட்டைவிரலையும் கும்பிடையும் வைத்துக்கொண்டு நான் எந்த ஆபீசில் போய் நியாயம் கேட்பது? ஆகவே காகிதத்தில் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு மனு எழுதிப் பழகின கை இது. நம் தெரு விளக்கும், ரேஷன் கடைக்குப் புதுத் தராசும், சுடுகாட்டுக்குப் பாதையும் என் மனுவில் வந்தவை. யார் வந்து எதைச் சொன்னாலும் "எழுதிக் குடு" என்று கேட்கிறவன் நான். என் விஷயத்தில் நானே எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், உங்களுக்குப் பாதிதான் தெரியும். பெரம்பலூர் வெங்காயக்காரர்களும் அரியலூர் முந்திரிக்காரர்களும் சேர்ந்து ஆரம்பித்த நம் உழவர் கம்பெனியில் இயக்குநர்கள் ஐந்து பேர், அதில் நான் ஒருவன். வருகிற 28ஆம் தேதி ஆண்டுப் பொதுக்குழு. அன்று கொடுக்கிற மலரில் ஐந்து பேர் படமும் வரும், அதே படத்தைப் பெரிதாக்கி ஆபீஸ் சுவரிலும் மாட்டுவார்கள். சென்னையில் உங்கள் விளம்பர ஆபீசிலேயே மலரைச் செய்து தருவதாக நீங்களே முன்வந்தீர்கள். அதற்கு நன்றி சொன்னேன். அந்த நன்றி அப்படியே இருக்கிறது, திரும்ப வாங்கவில்லை. ஆனால் கூடவே ஒரு விதிமுறையும் அனுப்பினீர்கள். காலர் வைத்த சட்டை. தோள் வரைக்கும் மட்டும். இலேசான சிரிப்பு. பின்னணி வெளிர் சாம்பல். சட்டை போட்டுக்கொண்டேன். சிரிப்பும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வெளிர் சாம்பல் எதற்கு? சிமெண்ட் பூசின சுவருக்கு முன்னால் யாரை நிறுத்தினாலும் அவன் யாரென்று தெரியுமா? என் படத்துக்குப் பின்னணி என் கிணறு என்று அன்றைக்கே உங்களிடம் சொன்னேன். "பாக்கலாம் மாமா" என்றீர்கள். பார்க்கலாம் என்றால் சரி என்று நான் எடுத்துக்கொண்டேன், அதை எழுதி வாங்காதது என் தப்பு.

பெரம்பலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் விக்கியை வரச் சொன்னேன். கல்யாண வீடுகளில் பேர் வாங்கினவர், கெட்டிக்காரர். வந்து கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "ஐயா, கெணறு படுத்துக் கெடக்குது. நீங்க நின்னுக்கிட்டு இருக்கீங்க. நேரா வச்சு எடுத்தா உங்க தலைக்குப் பின்னாடி வானம்தான் வரும். கெணத்த எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க, எடுத்துடலாம்" என்றார். நான் சொன்னேன், "கெணறு எந்திரிக்காது. நீ ஏறு." டிரோன் இல்லையா என்றேன். "டிரோன்ல எடுத்தா உங்க வழுக்கை மட்டுந்தான் ஐயா தெரியும்" என்றார். அதுவும் நியாயம்தான்.

முதலில் ஏணி போட்டோம். தண்ணீர் பாய்ந்த மண், ஏணியின் ஒரு கால் ஒரு சாண் இறங்கிவிட்டது. படத்தில் கிணறே சாய்ந்து தண்ணீர் வெளியே கொட்டிவிடும் போல இருந்தது. அப்புறம் என் யோசனைப்படி கிணற்றுக்குள்ளேயே பதினைந்து படி இறங்கி, பாறையில் முதுகைச் சாய்த்து நின்றேன், விக்கி எதிர்ப்பக்கம் நின்று எடுத்துவிட்டு மேலே வந்து காட்டினார். "ஐயா, உங்க மாப்பிள்ளை கேட்ட கலரே வந்துடுச்சு பாருங்க. வெளிர் சாம்பல்!" பார்த்தால் நிஜமாகவே அப்படித்தான். என் கிணற்றுக்குள்ளேயே நின்றும் கிணற்றைக் காணோம். அழிக்கச் சொன்னேன். மூன்றாவதாக என் மைத்துனன் அமாவாசை தன் டிராக்டரை டிப்பரோடு கொண்டுவந்து நிறுத்தினான். டிப்பர் மேல் விக்கி, கீழே நான், எனக்குப் பின்னால் கிணறு. எல்லாம் சரியாக அமைந்தது. "இன்னும் ஒரு அடி மேல இருந்தா தண்ணியும் தெரியும்" என்று விக்கி சொன்னார். அதை என்னிடம்தான் சொன்னார். ஆனால் டிராக்டரில் உட்கார்ந்திருந்த அமாவாசை, "ஒரு அடிதானே, இந்தா" என்று லிவரை இழுத்துவிட்டான். டிப்பர் தூக்கிக்கொண்டது. மண் கொட்டுகிற மாதிரி விக்கியைப் பின்பக்கம் கொட்டிவிட்டான். நல்ல வேளை, மக்காச்சோளத் தட்டைக் குவியல் மேல் விழுந்தார். கேமராவை மட்டும் இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தார், கல்யாணக் கூட்டத்தில் பழகின பழக்கமாம். "யோவ், என்னய என்ன ஜல்லின்னு நெனச்சியா?" என்று தட்டைக்குள்ளிருந்து கேட்டார். "மேல வேணும்னு நீதானப்பா சொன்ன" என்றான் அமாவாசை.

நான்காவது தடவை படம் வந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை மோர்ச் சொம்போடு வந்து கிணற்றுப் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டாள். "ஏ, ஓரம் போ, படத்துல விழுற!" என்று கத்தினேன். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை, படத்தில் விழுந்துவிட்டாள். விக்கி படத்தைப் போனுக்கு மாற்றி விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார், அவள் நின்ற இடத்தில் கல் வந்துவிட்டது. பிரமாதமான வேலை. பிறகு எல்லோரும் மோர் குடித்தோம். படம் எப்படி இருந்தது தெரியுமா மாப்பிள்ளை? ஓரத்தில் தண்ணீர், அதற்கு மேல் படி, சுற்றிலும் கல், நடுவில் நான். நீங்கள் கேட்ட இலேசான சிரிப்பும் இருந்தது. அமாவாசை விக்கியைக் கொட்டினதை நினைத்து வந்தது.

அந்தப் படத்தைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை கம்பெனிக் குரூப்பில் மாதிரி மலர் வந்தது. திறந்து பார்த்தால் கிணறு இல்லை. ஆள் உயரத்துக்கு அலமாரி, அலமாரி நிறையத் தடித்தடியாகப் புத்தகம். கிணற்றை வெட்டி எடுக்கும்போது என் தோள் துண்டில் பாதியும் இடது காதில் கால்வாசியும் கூடவே போய்விட்டன. விக்கிரமங்கலத்துத் தங்கச்சி ஜோதி அன்றைக்கே போன் போட்டு, "அண்ணே, காதுல என்ன ஆச்சு? ஆடு கடிச்சிடுச்சா?" என்று அழுகிறாள். காது இருக்கிறது என்று சொன்னால் நம்பாமல், கேமராவைப் போட்டுக் காதைக் காட்டு என்கிறாள். காட்டினேன். இந்த வயதில் தங்கச்சிக்குக் காது காட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் தலைவர் சின்னப்பராஜ் வாத்தியார் வரதராஜன்பேட்டையிலிருந்து கூப்பிட்டார். முப்பத்தெட்டு வருடம் பாடம் நடத்தினவர், வீட்டில் நிஜமாகவே மூன்று அலமாரி வைத்திருப்பவர். அவருக்கு நீங்கள் வெளிர் சாம்பல் கொடுத்திருக்கிறீர்கள். "ஏன் தர்மா, பாடம் நடத்துன எனக்குச் செவுரு, உனக்கு லைப்ரரியா? உன் மாப்பிள்ளைங்கிறதுக்காக இப்படியா?" என்றார். "எனக்கு வேணாங்க ஐயா, அலமாரிய நீங்களே வச்சுக்குங்க" என்றேன். "நீ கழட்டிப் போட்டத நான் மாட்டிக்கணுமா?" என்று வைத்துவிட்டார். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு சொல் தடித்ததில்லை.

இதோடு போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ரெட்டிபாளையத்திலிருந்து உத்திராபதி என்று ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. "வக்கீல் ஐயா வூடு இதுதானுங்களா?" என்றார். வக்கீல் யாரும் இல்லை என்றேன். "படத்துல பாத்தேங்க, பின்னாடி அம்புட்டுச் சட்டப் புத்தகம்" என்றார். அவருடைய மச்சான் யாரோ கம்பெனிக் குரூப்பிலிருந்து அவருக்கு அனுப்பியிருக்கிறார். உத்திராபதிக்கும் அவர் அண்ணனுக்கும் ஒரு கிணற்றில் தகராறு, நிலம் இவர் பெயரில், கிணற்றை வெட்டினது தான்தான் என்று அண்ணன் உரிமை கேட்கிறாராம். நான் வக்கீல் இல்லை என்று ஒரு மணி நேரம் சொன்னேன். "பெரிய வக்கீலுங்க இப்படித்தான் சொல்வாங்க" என்று எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். கடைசியில் தாசில்தாருக்கு நானே ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். வெட்டினவர் யாராக இருந்தாலும், பட்டா யார் பெயரில் இருக்கிறதோ கிணறு அவருடையது என்று அடித்து எழுதியிருக்கிறேன். "ஃபீஸ் எவ்வளவுங்க?" என்றார். பார்த்தீர்களா? நீங்கள் வைத்த அலமாரி என்னைக் கொண்டுபோய்ப் போலி வக்கீல் ஆக்கப் பார்க்கிறது.

நீங்கள் போனை எடுத்த ஒரே தடவை என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. "மாமா, அது கெணறுன்னே தெரியல, கல்குவாரில நிக்கிற மாதிரி இருக்கு. மலரப் பாக்கப்போறது வெளியூர்க் கம்பெனிக்காரங்க. பாத்தா ஒரு புரொஃபஷனல் லுக் வேணும்." நடுவில் கலையரசி போனை வாங்கி, "அப்பா, ஒரு போட்டோதானேப்பா, விடுங்களேன்" என்றாள்.

இரண்டுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். புரொஃபஷன் என்றால் தொழில். என் தொழில் கிணறு வெட்டுவது. தொழில் தெரிகிற மாதிரி படம் வேண்டும் என்றால் பின்னால் கிணறு இருப்பது சரியா, நான் பிரித்தே பார்க்காத புத்தகம் இருப்பது சரியா? மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சாமான் கட்டி வருகிற பேப்பரை விரித்துவைத்து எழுத்துக்கூட்டி நானாகப் படித்துக்கொண்டேன். படித்த மட்டும் படித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அந்த அலமாரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புத்தகத்தின் முதுகெல்லாம் இங்கிலீஷ். படிக்காத புத்தகத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பது பொய்ச்சாட்சி சொல்வது மாதிரி.

ஒரு போட்டோதான், உண்மை. எனக்கு அறுபத்தாறு வயது. ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் எனக்குப் பின்னால் யாரோ வைத்த வெள்ளைச் சுவர்தான் இருக்கிறது. எனக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்று நானே சொல்லி எடுத்த படம் இது ஒன்றுதான். நாற்பத்திரண்டு கிணறு வெட்டியிருக்கிறேன் மாப்பிள்ளை. நாற்பத்தொன்று அடுத்தவர்களுடையது. அதில் இரண்டில், தண்ணீர் கண்ட மறுநாளிலிருந்து என்னைப் படியில் இறங்க விடவில்லை. வெட்டுகிற வரைக்கும் என் கால் பட்டால் பரவாயில்லை, தண்ணீர் வந்த பிறகு என் கால் படக் கூடாது. நாற்பத்திரண்டாவது கிணறு என்னுடையது. வேலை கிடைக்காத மாதங்களில் மட்டும் வெட்டி வெட்டி, ஒன்பது வருடம் ஆனது. அதில் இறங்காதே என்று என்னிடம் சொல்ல உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. அது என் தலைக்குப் பின்னால் இருக்க வேண்டும், முழுசாக இருக்க வேண்டும். கல்குவாரி மாதிரி தெரிந்தால் கீழே "கிணறு" என்று எழுதிக்கொள்ளலாம். அதற்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஆகவே செய்ய வேண்டியது இது. நீங்கள் அலமாரியை எடுத்துவிட்டு, என் கிணற்றையும் துண்டையும் காதையும் இருந்த இடத்தில் வைக்க வேண்டும். 20ஆம் தேதி அச்சுக்குப் போகும் முன்னால் எனக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். கட்டைவிரல் அனுப்பக் கூடாது. கலையரசி நடுவில் போனை வாங்கக் கூடாது. இதற்கு நீங்கள் இணங்காவிட்டால் மலரில் என் படமே வேண்டாம், அந்த இடத்தைக் காலியாக விட்டு, "இவர் கிணற்றோடு வருவார்" என்று போட்டுக்கொள்ளவும். இதிலிருந்து நான் ஒரு அங்குலமும் இறங்க மாட்டேன்.

எனக்கு உங்கள் மேல் வருத்தம் உண்டே தவிர மனஸ்தாபம் இல்லை. உங்களுக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும், வேலை மேலும் மேலும் வரட்டும், பேத்தி நன்றாகச் சாப்பிடட்டும். தீபாவளிக்கு வரும்போது கிடா ஒன்று உங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
அ. தர்மன்
(இயக்குநர்)

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன்னால் கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டே கேட்டாள். அமாவாசை கொட்டின இடத்தில் சிரித்தாள். மோர் குடித்த இடத்தில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அங்க நிறுத்து. மறுபடி படி."

படித்தேன்.

"ஒன் தலைக்குப் பின்னாடி இருந்த கெணத்த அழிச்சதுக்கு மாப்பிள்ளைக்கு இம்புட்டுப் பக்கம் எழுதுற. கெணத்துப் பக்கத்துல நின்ன என்னைய அழிச்சியே, அது எந்தப் பக்கத்துல இருக்கு? பிரமாதமான வேலையின்னு வேற எழுதியிருக்க."

"அது இயக்குநருங்க படம். நீ இயக்குநரா?" என்றேன்.

"கெணறு மட்டும் இயக்குநரா?"

கடிதத்தை மடிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. "ஒம்பது வருசம் நீ கீழ ஒடச்சுப் போட்ட கல்லு எப்படி மேல வந்துச்சு? தானா படியேறி வந்துச்சா? என் தலையில வந்துச்சு. சரி, அது கெடக்கட்டும். பட்டா யாரு பேருல இருக்குன்னு மாப்பிள்ளைக்கு எழுதுனியா?"

பட்டா அவள் பெயரில் இருக்கிறது மாப்பிள்ளை. நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுத்த திட்டத்தில் பெண்கள் பெயரில்தான் கொடுத்தார்கள். அது எனக்குத் தெரியும், ஆனால் ஞாபகத்தில் இல்லை. வெட்டினவர் யாராக இருந்தாலும் கிணறு பட்டாக்காரருடையது என்று வெள்ளிக்கிழமைதான் தாசில்தாருக்கு என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதை நான் எழுதும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"எங் கெணத்துக்கு முன்னாடி நின்னு படம் எடுக்க என்னையக் கேட்டியா?" என்றாள் கடைசியாக.

கேட்கவில்லை. கேட்கிறேன் என்றேன். "எழுதிக் குடு" என்கிறாள்.

ஆகவே மேலே என் கிணறு என்று வருகிற இடத்தையெல்லாம் ஆண்டாயியின் கிணறு என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். செய்ய வேண்டியதும் மாறுகிறது. நீங்கள் அலமாரியை எடுத்துவிட்டு, மறு உத்தரவு வரும்வரை எனக்கும் வெளிர் சாம்பல் வைக்கவும், வாத்தியாருக்கும் சமாதானமாக இருக்கும். காது கட்டாயம் வேண்டும். விக்கி வியாழக்கிழமை மறுபடி வர வேண்டும். தேய்க்காத படம் அவர் கேமராவில் இருக்கிறதாம், ஆனால் அதில் ஆண்டாயி முகம் கலங்கலாகத் தெரிகிறது, அது கூடாது. அமாவாசை டிப்பரை நிறுத்திவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். ஆண்டாயி கிணற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும், சொம்பு இல்லாமல். அன்றைக்கு மோர் கொண்டுவர வேண்டியது நான், கொடுத்துவிட்டுப் படத்தில் விழாமல் ஓரம் போக வேண்டியதும் நான். அதற்கு முன்னால், ஒரு படத்திலாவது அவள் பக்கத்தில் நானும் நின்றுகொள்ள அனுமதி கேட்டு அவளுக்கு ஒரு மனு எழுத வேண்டும். எழுதிவிட்டேன், ஒரு பக்கம்தான். திங்கட்கிழமைதான் மனு வாங்குவாளாம். நாளைக் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும்.